கை மட்டும் பரிமளத்தினுடையது

தேயிலைப் பெட்டிகள் வந்து இறங்கிய அன்று பரிமளம் பின்பக்கம் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

டிக்கோயாவிலிருந்து நோர்வுட் போகிற ரோட்டில், நீர்த்தேக்கம் கண்ணில் படுகிற ஒரு வளைவில் இருக்கிறது அந்தத் தேயிலை விற்பனை நிலையம். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கிவிட்டால் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்களின் வேன்கள் அங்கே நிற்கும். இறங்கி வருகிறவர்கள் சின்ன வெள்ளைக் கோப்பைகளில் ஆறேழு வகைத் தேத்தண்ணியை ஒவ்வொரு வாயாக உறிஞ்சிப் பார்ப்பார்கள். அந்தக் கோப்பைகளைக் கழுவுவதும் தரை கூட்டுவதும் பரிமளத்தின் வேலை.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தவள். முழங்கால் மலை ஏற மறுத்த பிறகுதான் இந்த வேலைக்கு வந்தாள். பிள்ளைகள் இல்லை. கணவன் செல்லசாமி ஆறு வருடத்துக்கு முன் இறந்துவிட்டான். இன்னமும் தோட்டத்து வரிசை வீடான அதே லயத்தில், அதே ஒற்றையறைக் காம்பராவில்தான் இருக்கிறாள். ஒரு காலத்தில் ஆறு குடும்பம் இருந்த லயம் அது. இப்போது விளக்கு எரிவது இரண்டு காம்பராவில்தான். ஒன்று அவளுடையது, மற்றது பக்கத்துக் காளியாயியினுடையது.

"பரிமளக்கா, கைய தொடச்சிட்டு இங்க வாங்க! புதுப் பெட்டி வந்திருக்கு!" என்று கடையில் விற்பனைக்கு நிற்கும் பூரணி கூப்பிட்டாள்.

மேசை மேல் ஆறு விதமான தகரப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு படம். ஒன்றில் தலையில் நீலத் துணி கட்டிய ஒரு பெண், திரும்பிப் பார்க்கிறாள். காதில் முத்துக்குப் பதிலாக இரண்டு இலையும் ஒரு மொட்டும். இன்னொன்றில் பாலத்தின் மேல் நின்று இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு கத்துகிற ஓர் ஆள். அவன் காலடியில் தேத்தண்ணிக் கோப்பை உடைந்து கிடந்தது. மூன்றாவது பெட்டியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். புருவமே இல்லாத முகம். சிரிக்கிறாளா இல்லையா என்று சொல்ல முடியாத வாய். தலையில் கொழுந்துக் கூடையின் கயிறு, முதுகில் கூடை, மேலே சேலை.

பரிமளம் அந்த மூன்றாவது பெட்டியைக் கையில் எடுத்தாள். முகத்தைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருந்த கைகளைப் பார்த்தாள். வலது கையின் சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கமாக வளைந்து நின்றது.

அது அவளுடைய விரல்.

ஆகஸ்ட் மாதம் கொழும்பிலிருந்து தர்ஷனா என்று ஒரு மிஸ் வந்திருந்தார். பெட்டிகளுக்குப் படம் வடிவமைக்கிறவர். கடை முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு நாற்காலியைப் போட்டு, அலங்காரத்துக்கு மாட்டியிருந்த கூடையை எடுத்துப் பரிமளத்தின் தலையில் கயிற்றை வைத்துக் கட்டி, கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார வைத்தார்.

"முகம் வராது அம்மா. கையும் உடம்பும் மட்டும்தான் எடுக்கிறன். இடது கைய நாற்காலிக் கைப்பிடியில வையுங்க. வலது கைய அதுக்கு மேல. அசையாம இருங்க."

அரை மணி நேரம் அசையாமல் இருந்தாள். பகல் வெளிச்சத்தில் அவ்வளவு நேரம் கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லி வாழ்க்கையில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. எதற்கு இந்தப் படம் என்று அவளும் கேட்கவில்லை.

இப்போது பெட்டியில் இருந்த கை அவளுடையதுதான், ஆனால் நிறம் அவளுடையது இல்லை. பாலாடை மாதிரி வெளுத்திருந்தது. விரலிடுக்குகளில் எத்தனை தேய்த்தாலும் போகாத கொழுந்துக் கறை காணவில்லை. நகத்தைச் சுற்றி இருந்த வெடிப்புகளும் காணவில்லை. விரலின் கோணல் மட்டும் அப்படியே இருந்தது.

"பூரணி, இது என் கை."

"தெரியுமேக்கா. நீங்கதானே ஒக்காந்தீங்க. நல்லா வந்திருக்கில்ல?" என்று சொல்லிவிட்டுப் பூரணி பெட்டிகளை அலமாரியில் அடுக்கப் போய்விட்டாள்.

சீசன் தொடங்கியதும் அந்தப் பெட்டிதான் முதலில் விற்றது. வேனிலிருந்து இறங்குகிறவர்கள் அலமாரி முன்னால் நிற்பார்கள். ஒருவர் மூன்றாவது பெட்டியை எடுத்துப் பக்கத்தில் நிற்பவரிடம் காட்டுவார். உடனே இருவரும் சிரிப்பார்கள். கோப்பைத் தட்டோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பரிமளம் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். நான்கைந்து நாள் கழித்து, கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம் கேட்டாள்.

"எதுக்குப் புள்ள சிரிக்கிறாங்க?"

பூரணி தன் போனில் தேடி அசல் படத்தை எடுத்துக் காட்டினாள். "இதுக்குப் பேரு மோனாலிசாக்கா. ஒலகத்துலயே பெரிய படம். ஐந்நூறு வருசம் ஆச்சு. இத பாக்கறதுக்குன்னே கப்பல் ஏறி, பிளேன் ஏறிப் போறாங்க."

பரிமளம் போனை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் மலை இருந்தது. வளைந்து வளைந்து போகிற ரோடு. கீழே தண்ணீர். மேலே பனிமூட்டம்.

"இவளும் மலைக்காரியா?"

"இல்லக்கா. பட்டு வியாபாரி ஒருத்தரோட சம்சாரம்னு போட்டிருக்கு. அதுலயும் சண்டை இருக்காம். இவ யாருன்னு இன்னும் தேடுறாங்களாம்."

"சரி, இதுல சிரிக்க என்னா இருக்கு?"

பூரணி கொஞ்சம் யோசித்தாள். "எல்லாருக்கும் தெரிஞ்ச படம்தானேக்கா. பெரிய மனுசி மாதிரி ஒக்காந்திருக்கா. அவ தலையில கொழுந்துக் கூடைய மாட்டிவிட்டா சிரிப்பு வருது. அதான் வெளையாட்டு."

"நான் முப்பத்தெட்டு வருசம் மாட்டியிருந்தேன். யாரும் சிரிக்கலையே."

"உங்கள பாத்து சிரிக்கலக்கா" என்றாள் பூரணி. பரிமளம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அந்த முகம் அவளை விடவில்லை. ஹட்டன் பஜாரில் சாமான் வாங்கப் போன ஞாயிற்றுக்கிழமை, நடைபாதையில் விரித்திருந்த சட்டைகளில் ஒன்றில் அந்த மோனாலிசா இருந்தாள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. போன் உறை விற்கிற கடைக் கண்ணாடிக்குள் வாயில் பபிள்கம் ஊதிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஓர் அழகுநிலையத்தின் பலகையில் அவளுக்கு முடியைச் சுருட்டி உதட்டுக்குச் சிவப்பு பூசியிருந்தார்கள். இவ்வளவு நாளும் இவற்றைக் கடந்துதான் பரிமளம் போய் வந்திருக்கிறாள். பார்த்ததே இல்லை. சட்டை விற்கிறவன் "எடுங்கம்மா, மகனுக்கு நல்லாருக்கும்" என்றான். அவள் கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உன்னையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுக்கும்போது கீழே விழுந்து மூலை நசுங்கிய ஒரு பெட்டியைப் பூரணி அவளுக்காக எடுத்து வைத்திருந்தாள். பரிமளம் அதைக் காம்பராவுக்குக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தாள். இரண்டு நாள் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் காளியாயியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இந்தக் கைய பாரேன்."

காளியாயி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெள்ளக்காரி கை."

"என் கைடி. இந்த வெரல பாரு." பரிமளம் தன் கையைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

காளியாயி இரண்டையும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கோண வெரலு எத்தன பேருக்கு இருக்கு. ஒன் கை எங்க இப்பிடி வெள்ளையா இருந்திச்சு? தனியா இருந்து இருந்து ஒனக்கு என்னென்னமோ தோணுது. உள்ளுக்குத் தேயில இருக்கா, காலிப் பெட்டியா?"

பரிமளம் பெட்டியை வாங்கி வைத்துவிட்டாள். செல்லசாமி இருந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பான். பெட்டியைக் கையில் எடுத்ததும் "ஏன் இப்பிடி வெளுத்துப்போயிருக்கு ஒன் கை?" என்று கேட்டிருப்பான். அந்தக் கையை அறிந்த ஆட்களை மனதில் எண்ணிப் பார்த்தாள். அம்மா இல்லை, அப்பா இல்லை, செல்லசாமி இல்லை. கடைசியில் மீனம்மா ஒருத்தி மிஞ்சினாள்.

மீனம்மாவும் அவளும் முப்பது வருடம் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். பரிமளத்துக்குப் பத்தொன்பது வயதில் ஒரு ஜூலை மழையில், நிறைந்த கூடையோடு சரிவில் சறுக்கி விழுந்து அந்த விரல் மடங்கியபோது, தலைத்துணியைக் கிழித்துக் கட்டிவிட்டவள் மீனம்மாதான். மூன்று வருடத்துக்கு முன் மீனம்மாவின் மகன் கொத்மலைப் பக்கம் வீடு எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூட்டிப் போய்விட்டான். வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிப் பரிமளம் போகவே இல்லை. முதலில் முழங்கால் வலி. பிறகு கடை வேலை. பிறகு, போகாமலேயே பழகிவிட்டது.

அடுத்த போயா, பௌர்ணமி நாளில், கடைக்கு லீவு. பெட்டியை ஒரு துவாய்த் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தாள். ஹட்டனில் இறங்கி மாறினாள். ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு, மீனம்மாவிடம் எப்படிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டே போனாள். முதலில் ஒன்றும் சொல்லக்கூடாது. பெட்டியை மட்டும் கொடுக்க வேண்டும். அவளாகக் கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்ததும் எப்படிக் கத்துவாள் என்று நினைத்தபோது பஸ்ஸுக்குள்ளேயே அவளுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டு வாசலில் மீனம்மாவின் மருமகள் பிரேமினி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பரிமளத்தை அடையாளம் கண்டு ஓடி வந்து பையை வாங்கினாள். உள்ளே கூட்டிப் போவதற்கு முன் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சித்தி, மாமிக்கு இப்ப ஞாபகம் சரியா இல்லீங்க. ஒரு வருசமா அப்பிடித்தான். சில நேரம் இவரையே யாருன்னு கேக்குறாங்க. நீங்க மனசு சங்கடப்படக் கூடாது."

மீனம்மா ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். முடி வெட்டியிருந்தார்கள். பரிமளம் முன்னால் போய் நின்றாள்.

"மீனக்கா."

மீனம்மா மரியாதையாக எழுந்திருக்கப் பார்த்தாள். "வாங்க, வாங்க. ஒக்காருங்க. ஆஸ்பத்திரியில இருந்து வாறீங்களா?"

"நான் பரிமளம்க்கா."

"அப்பிடியா, நல்லது. தேத்தண்ணி குடிச்சீங்களா?"

பரிமளம் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். முப்பது வருடம் வாடி போடி என்று கூப்பிட்ட வாயிலிருந்து இந்த 'ங்க' வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் துவாயைப் பிரித்துப் பெட்டியை எடுத்து மீனம்மாவின் கையில் கொடுத்தாள்.

மீனம்மா பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். முகத்தை அவள் கவனிக்கவில்லை. கூடைக் கயிறு போட்டிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். விரல் கீழே இறங்கி வந்தது. நின்றது.

"இது பரிமளத்தோட கையில்ல?" என்றாள்.

பிரேமினி அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆமா, அவ கைதான். நான்தான் கட்டிவிட்டேன். கட்டாத கட்டாதன்னு கத்துனா. ஒழுங்கா கட்ட விட்டிருந்தா நேரா வந்திருக்கும்." மீனம்மா நிமிர்ந்து எதிரே இருந்தவளைப் பார்த்தாள். கண்ணில் பழைய துடிப்பு இருந்தது. ஆனால் அது பரிமளத்தின் மேல் நிற்கவில்லை. "அவ எங்க? அவளை ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் பரிமளம்.

"இருக்காளா?"

"இருக்காங்க."

"ஏன் வர மாட்டேங்குறா? கோவமா என் மேல?"

"கோவம் இல்லீங்க. முழங்கால் வலி. வருவாங்க."

"வரச்சொல்லுங்க" என்றாள் மீனம்மா. பிறகு பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

பிரேமினி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். ரொட்டியும் சம்பலும் வைத்தாள். பரிமளம் ஒன்றைத் தின்றாள். புறப்படும்போது பெட்டியை மீனம்மாவிடமிருந்து வாங்கப் பிரேமினி கை நீட்டினாள். மீனம்மா விடவில்லை. "இருக்கட்டும் புள்ள" என்று பரிமளம் சொல்லிவிட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் வெறும் பை மடியில் கிடந்தது. கீழே கொத்மலைத் தண்ணீர் வெயிலில் மினுங்கிக்கொண்டு கூடவே வந்தது. அவள் ஹட்டன் வரும்வரை தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் மாதத்தில் தர்ஷனா மிஸ் மறுபடி வந்தார். பெட்டிகள் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போய்விட்டன. அதனால் இன்னும் ஆறு படம் போடப் போகிறார்கள். மடிக்கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். மஞ்சள் சட்டை போட்ட ஒரு வேலைக்காரப் பெண், ஜன்னலோரத்தில் நின்று சட்டியில் பால் ஊற்றுகிறாள்.

"பாலுக்குப் பதிலா தேத்தண்ணி ஊத்தப் போறம். உங்கட கைதான் வேணும் அம்மா. போன முறை எல்லாருக்கும் பிடிச்சிருந்தது."

பரிமளம் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கைகள் மணிக்கட்டு வரை சிவந்து, வேலை செய்த கைகளாக இருந்தன. இவளைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு மனதில் இருந்ததைக் கேட்டாள்.

"என் கை நெறத்த எதுக்கு மாத்துனீங்க மிஸ்?"

தர்ஷனா எதிர்பார்க்கவில்லை. "முகத்தோட ஒட்ட வேணுமே அம்மா. இல்லாட்டி ரெண்டு ஆக்கள் மாதிரித் தெரியும்."

"ரெண்டு ஆளுதானே மிஸ்."

தர்ஷனா மடிக்கணினியின் திரையைப் பார்த்தார். "அப்பிடி நான் யோசிக்கேல்ல" என்றார். குரலில் பொய் இல்லை. "இந்த முறை மாத்தாமல் விடச்சொல்லிக் கேட்டுப் பார்க்கட்டா? கம்பனி ஒத்துக்கொள்ளுமோ தெரியாது."

"வேணாம் மிஸ். நான் இனி ஒக்காரல."

"கோபமா அம்மா?"

"கோவம் எல்லாம் இல்ல." பரிமளம் எப்படிச் சொல்வதென்று தேடினாள். "அந்தக் கைய வச்சு ஒருத்தி என்னைத் தேடிக்கிட்டு இருக்கா. அது ஒண்ணு போதும். இன்னும் பத்து பெட்டியில போட்டா, நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியாது."

தர்ஷனாவுக்கு அது விளங்கியதா என்று தெரியாது. வற்புறுத்தவில்லை. அன்று பூரணி மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு தேத்தண்ணிக் கேத்தலைப் பிடித்தபடி நின்றாள். நகத்துக்குச் சாயம் பூசியிருந்தாள். அதைப் படத்தில் எப்படியும் அழித்துவிடலாம் என்று தர்ஷனா சொன்னார். பரிமளம் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கோப்பை கழுவப் போனாள். மூன்றாவது பெட்டி இப்போதும் விற்கிறது. அலமாரி முன்னால் சிரிப்புக் கேட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு போயாவுக்கும் அவள் கொத்மலைக்குப் போகிறாள். இரண்டு பஸ், போக வர ஒரு முழு நாள். 'நான்தான் பரிமளம்' என்று முதல் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மீனம்மா கலங்கிப்போய்ப் பிரேமினியைத் தேடினாள். தன் வலது கையை அவள் மடியில் வைத்தும் பார்த்தாள். மீனம்மா அதைப் பார்க்காமல், கிழவிகளின் கையைத் தட்டுவது போல மெதுவாகத் தட்டிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். நாலாம் தடவையிலிருந்து பரிமளம் எதையும் சொல்வதில்லை. பரிமளத்தைத் தெரிந்த ஒருத்தியாக, அவளிடமிருந்து சேதி கொண்டு வருகிற ஒருத்தியாக, அந்தப் பெஞ்சில் போய் உட்காருகிறாள்.

மீனம்மாவுக்கு நேற்று என்ன சாப்பிட்டாள் என்பது தெரியாது. ஆனால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுவிட்டால் பரிமளத்தைப் பற்றிப் பேசுவாள். போன போயாவுக்கு, பரிமளமே மறந்துபோயிருந்த ஒன்றைச் சொன்னாள்.

"அந்தப் புள்ளைக்கு அட்டைன்னா உயிரு போயிரும். காலுல ஒண்ணு ஏறிட்டா மலையே கேக்குற மாதிரி கத்துவா. ஒரு நாளு என் காலுல அஞ்சாறு அட்டை. நான் பாக்கல. அவ பாத்துட்டா. கத்தவே இல்லீங்க. குனிஞ்சு ஒவ்வொண்ணா கையாலயே புடுங்கிப் போட்டா. கையெல்லாம் நடுங்குது அவளுக்கு. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. எனக்குத் தெரியும்."

வெளியே பிரேமினி யாரோடோ சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வந்தது. பரிமளம் எழுந்து மீனம்மாவின் தோளில் நழுவியிருந்த கம்பளித் துணியைச் சரிசெய்துவிட்டு, மறுபடி எதிரே உட்கார்ந்தாள்.

"அப்புறம் என்னா ஆச்சுங்க?" என்று கேட்டாள்.